துபாய் நகர், பதினாலாம் நம்பர் மனை

வளைகுடாவில், ருவைஸ் ரிஃபைனரியில் ஜஸ்டஸ் கை காட்டினால்தான் கிரேன் அசையும். ரிக்கர் வேலை. தூக்க வேண்டிய பாரத்துக்குப் பெல்ட் மாட்டிவிட்டு, கீழே நின்றுகொண்டு, உயரே கண்ணாடிக் கூண்டில் இருக்கும் ஆப்பரேட்டருக்கு விரலால் சைகை சொல்ல வேண்டும். ஆப்பரேட்டர் பாகிஸ்தானியோ பிலிப்பினோவோ, ஜஸ்டஸின் விரல்களுக்கு எல்லா பாஷையும் தெரியும். வீட்டளவு பெரிய இரும்பை இம்மி பிசகாமல் கொண்டுவந்து போல்ட்டின் மேல் உட்கார வைப்பார். சூப்பர்வைசர் சேதுமாதவன், மலையாளி, யாரிடமும் லேசில் நல்ல வார்த்தை சொல்லாதவர், அவரே, "ஜஸ்டஸ் நின்னா எனக்கு டென்ஷன் இல்ல கேட்டோ" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் தன் சொந்த வீட்டை அடுத்தவர் மனையில் கட்டி வைத்தார்.

சிரிக்க வேண்டாம். அது எப்படி நடந்தது என்று முழுக்கக் கேட்டால், நீங்களும் அங்கேதான் கட்டியிருப்பீர்கள்.

ஜஸ்டஸ் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். பேச்சில் உப்புக்காற்று அடிக்கும். காலையில் எழுந்ததும் ஜெபம், பிறகு பால் விடாத சுலைமானி டீ, அதன் பிறகுதான் மனிதர்களோடு பேச்சு. கழுத்து ஜெபமாலையோடு சேர்த்து ஒரு வீட்டுச் சாவியையும் கோத்து வைத்திருந்தார். ஊரில் மனைவி அருள்செல்வியிடம் ஒரு சாவி இருக்கிறது, எப்போதும் வீட்டில் ஆள் இருக்கிறது, பூட்டுவதற்கே வேலையில்லை. இருந்தும் பாலைவனத்தில் ஒரு சாவியைத் தூக்கிக்கொண்டு திரிந்தார். கேட்டால், "சொந்த வீடு இருக்குன்னு நெஞ்சுக்குத் தெரியாண்டாமா?" என்பார்.

அவரோடு ஒரே அறையில், அவர் கட்டிலுக்கு மேல் கட்டிலில் படுப்பவர் பொன்னுச்சாமி. ராதாபுரத்துப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். வயதில் இளையவர், ஜஸ்டஸை அண்ணாச்சி என்பார். அவரும் ரிக்கர்தான். சம்பளத்தை அனுப்புவதிலிருந்து மீன் குழம்புக்கு எவ்வளவு புளி என்பது வரை இருவருக்கும் ஒரே பேச்சு. ஒரே ஒரு குறை, இருவரும் சேர்ந்து ஊருக்குப் போனதே கிடையாது. ஒருவருக்கு ஒருவர்தான் ரிலீவர். ஒருவர் லீவில் போனால் அவர் வேலையையும் சேர்த்து மற்றவர் பார்க்க வேண்டும். அதனால் ஜஸ்டஸ் வீட்டு விசேஷத்தில் பொன்னுச்சாமி சாப்பிட்டதில்லை, பொன்னுச்சாமி ஊர்க் கோயில் கொடைக்கு ஜஸ்டஸ் போனதில்லை. அருள்செல்வியும் பொன்னுச்சாமியின் மனைவி மாரியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. இந்தக் கதை இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு அந்தக் குறைதான் காரணம்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் வள்ளியூருக்குத் தெற்கே முள்ளுக்காட்டை வெட்டி ஒருவர் மனை போட்டார். கல்ஃப்காரன் காசை நம்பிப் போட்ட மனை என்பதால் பெயரே துபாய் நகர். அதன் வரைபடம் ஒன்று கை மாறிக் கை மாறி ருவைஸ் கேம்ப் வரை வந்தது. ஜஸ்டஸும் பொன்னுச்சாமியும் அடுத்தடுத்த இரண்டு மனைகளைப் பிடித்தார்கள், பதினாலும் பதினைந்தும். இரண்டுக்கும் தெற்கே ரோடு. அது போக ஒன்றுக்கு மேற்கே ஒரு மண் ரோடு, இன்னொன்றுக்குக் கிழக்கே ஒரு மண் ரோடு. "ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்று புரோக்கர் போனில் சொன்னார். வேலைக்குப் போடும் ஹெல்மெட்டுக்குள் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். ஜஸ்டஸுக்குப் பதினாலு, பொன்னுச்சாமிக்குப் பதினைந்து. அவரவர் லீவில் போய் அவரவர் பதிவு செய்தார்கள். ஜஸ்டஸ் தன் பெயரில். பொன்னுச்சாமி தன் மனைவி பெயரில். தன் பெயரில் எது வாங்கினாலும் விளங்காது என்பது அவருடைய நம்பிக்கை.

பொன்னுச்சாமிக்கு இப்படி நம்பிக்கைகள் நிறைய. அதில் ஒன்று, வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது. மேல் கட்டிலில் அவர் தெற்கேதான் தலை வைப்பார். கீழே ஜஸ்டஸ், தெற்கே வைத்தால் ஏசி காற்று முகத்தில் அடிக்கிறது என்று வடக்கே தலை வைப்பார்.

"வடக்க தலை வச்சுப் படுக்காதீங்க அண்ணாச்சி, வெளங்காது."

"எங்க வேதத்துல அப்பிடி ஒண்ணும் எழுதல்ல மக்கா. நீ பேசாம கெட."

இந்த வாக்குவாதம் வருஷக்கணக்கில் நடந்தது. யாரும் ஜெயிக்கவில்லை.

மனை வாங்கிய ஜோரில் ஜஸ்டஸ் அந்த வரைபடத்தை எங்கே ஒட்டினார் தெரியுமா? மேல் கட்டிலின் அடிப்பலகையில். மல்லாந்து படுத்தால் நேரே முகத்துக்கு மேல் துபாய் நகர் விரிந்திருக்கும். சாமி படம் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே தூங்குவார். படத்தில் இடதுபுறம் பதினாலு. படுத்திருக்கும்போது அவருக்கு இடதுபுறம் அறையின் ஜன்னல். ஜன்னலில்தான் காலைச் சூரியன் வரும். பதினாலு ஜன்னல் பக்கம், ஜன்னல் சூரியன் உதிக்கிற பக்கம். தினமும் பார்த்துப் பார்த்து இந்தக் கணக்கு அவர் உடம்பில் ஊறிவிட்டது. தரையில் விரித்துக் குனிந்து பார்க்க வேண்டிய படத்தை மல்லாந்து படுத்துப் பார்த்தால் கிழக்கு மேற்காகப் புரண்டுவிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. எதற்கு யோசிக்க வேண்டும்? கட்டுமரத்தில் போன குடும்பம், திசை தெரியாதா என்ன.

வீடு கட்ட ஊருக்குப் போனபோது துபாய் நகர் முழுக்க மறுபடி உடைமுள் மண்டியிருந்தது. அளவுக் கற்களை யாரோ துணி துவைக்கக் கொண்டு போயிருந்தார்கள். கொத்தனார், "எந்த மனை சார்?" என்று கேட்டார். ஜஸ்டஸ் கிரேனுக்குக் காட்டுவதுபோல் ஸ்டைலாகக் கையை நீட்டினார்.

"சூரியன் உதிக்கப்பட்ட பக்கம்."

அங்கே அஸ்திவாரம் தோண்டினார்கள். பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார்.

லீவு முடிந்து அவர் திரும்பிவிட்டார். வீட்டைக் கட்டியது அருள்செல்விதான். கம்பி இறக்கியது, மணல் சலித்தது, சிமெண்டு மூட்டைக்குக் காவல் இருந்தது, தினமும் சாயங்காலம் மகன் ஆல்டோவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவருக்குத் தண்ணீர் அடித்து நனைத்தது எல்லாம் அவள். ஜஸ்டஸ் போனில் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். கிழக்கு ஓரத்து அறையை மட்டும் தனக்கென்று சொல்லி வைத்தார். வேலையை விட்டு ஊருக்கு வந்தபின் அந்த ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பாராம். வேறு ஆசை கிடையாது.

அந்த ரோட்டுக்கும் அதிர்ஷ்டம் அடித்தது. வீடு குடிபோன மறு வருஷம் கிழக்குப் பக்கத்து மண் ரோட்டில் தார் போட்டுப் பஸ் விட்டார்கள். லீவில் போய்வந்த பொன்னுச்சாமி அதே பஸ்ஸில் போகும்போது வீட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "உங்க ராசி அண்ணாச்சி, வாசல்ல பஸ் நிக்கி" என்று வாய் நிறையச் சொன்னார். அடுத்தவன் நன்றாக இருந்தால் வயிறு எரியாத மனிதர்கள் உலகத்தில் சிலர் உண்டு. பொன்னுச்சாமி அந்தச் சிலரில் ஒருவர்.

பிறகு கரையான் வந்தது. ஊரில் மரப்பெட்டியில் வைத்திருந்த பத்திரத்தைப் பாதிக்கு மேல் தின்றுவிட்டது. வீட்டு வரி ரசீது போட பஞ்சாயத்தில் பத்திர நகல் கேட்டார்கள். அருள்செல்வி சார்பதிவாளர் ஆபீசில் மனு எழுதிக் கொடுத்து, அங்கே பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து, சீல் போட்ட நகல் ஒன்று வாங்கினாள். அதை ஜெராக்ஸ் எடுத்து, லீவு முடிந்து வந்த ஒருவரிடம் மாசிக் கருவாடோடு சேர்த்து ருவைஸுக்குக் கொடுத்து விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ஜஸ்டஸ் படுத்தவாக்கில் அந்த நகலை வாசித்தார். பத்திரத்தில் நான்கு எல்லை சொல்லும் இடத்தை எவனும் வாசிப்பதில்லை. பேர் சரியாக இருக்கிறதா, அளவு சரியாக இருக்கிறதா, அவ்வளவுதான் பார்ப்போம். ஜஸ்டஸுக்கு அன்று நேரம் போகவில்லை, வாசித்தார். மேற்கே ரோடு. கிழக்கே மாரியம்மாள் பெயரிலுள்ள பதினைந்தாம் நம்பர் மனை.

மேற்கே ரோடா?

நம் வீட்டுக்குக் கிழக்கேயல்லவா ரோடு?

ஆபீசில் தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். எழுந்து, தலைக்கு மேலிருந்த படத்தைப் பிய்த்து எடுத்தார். தரையில் விரித்து, வடக்கு அம்புக்குறியை நிஜமான வடக்குக்கு, கடல் இருக்கும் பக்கத்துக்குத் திருப்பி வைத்தார். ஜன்னல் பக்கம் இருந்த பதினாலு, எழுந்து நடந்து போய்க் கதவுப் பக்கம் உட்கார்ந்துகொண்டது. கதவு மேற்கே. ஜஸ்டஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். மேல் கட்டிலில் பொன்னுச்சாமி தெற்கே தலை வைத்து, வாயைத் திறந்துகொண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒருவேளை பதினைந்தாம் மனைப் பத்திரத்தில் வேறு மாதிரி இருந்தால்? மனம் எப்படியெல்லாம் பிடி தேடும் பாருங்கள். அருள்செல்விக்குப் போன் போட்டு, பக்கத்து மனைக்கும் ஒரு வில்லங்கச் சான்று போட்டு அனுப்பு என்றார். ஒரு சொத்து யார் பெயரில், என்ன எல்லைக்குள் இருக்கிறது என்று ஆபீசில் தேடி எடுத்துக் கொடுக்கிற தாள் அது.

"பக்கத்து மனைக்கா? நமக்கெதுக்கு?"

"சும்மாதான் பிள்ளே."

இருபது வருஷம் கூட வாழ்ந்த பெண்ணிடம் சும்மாதான் என்று சொன்னால் அவள் நம்புவாள் என்று ஜஸ்டஸ் நம்பினார். அருள்செல்வி உடனே கிளம்பினாள். போய் மனு போட்டாள், சான்று வாங்கினாள், அனுப்பினாள். பதினைந்தாம் மனை, உரிமையாளர் மாரியம்மாள், கிழக்கே ரோடு. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தன் வீடு முழுசாக, கழிவறை உட்பட, பொன்னுச்சாமி பெண்டாட்டியின் மனையில் நிற்கிறது. அவள் வாசலில் வந்திருக்க வேண்டிய பஸ் தன் வாசலில் நிற்கிறது.

மூடி மறைத்திருக்கலாம். பொன்னுச்சாமி எந்தக் காலத்திலும் எல்லையை வாசிக்கப் போகிறவர் இல்லை. அந்த எண்ணம் ஜஸ்டஸுக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்த வேகத்தில் அதன்மேல் அவருக்கே அருவருப்பும் வந்தது.

சான்று வந்து சேர்ந்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை கேம்ப் பின்பக்கம் இருவரும் துணி துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பொன்னு, ஒரு காரியம் சொல்லணும்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"எனக்க வீடு உனக்க மனையில நிக்கு."

பொன்னுச்சாமி சிரித்தார். "காலையிலயே வெயிலு மண்டைக்கு ஏறிட்டா?"

ஜஸ்டஸ் தாள்களை நீட்டினார். பொன்னுச்சாமி ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாக வாசித்தார். ஜஸ்டஸ் படம் ஒட்டிய கதையைச் சொன்னார், ஜன்னலைச் சொன்னார், கொத்தனாருக்குக் கை காட்டியதைச் சொன்னார். பொன்னுச்சாமி முகத்தில் சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"அந்த ரோட்டுல ஒரு கடை வைக்கணும்னு ரொம்ப நாளா சொல்லுதா மாரியம்மா. நம்ம மனை உள்ள தள்ளிக் கெடக்கு, அங்க எவன் வருவான்னு நாந்தான் அவ வாய அடைச்சேன். பஸ்ஸுல போகும்போது உங்க வீட்டக் காட்டி, பாரு, அண்ணாச்சி குடுத்து வச்சவருன்னேன். அவ வீடு வந்து சேருத வரைக்கும் பேசல."

ஜஸ்டஸ் கழுத்தில் கை வைத்தார். ஜெபமாலையைக் கழற்றி, அதிலிருந்த சாவியை உருவி நீட்டினார்.

"மண்ணு உனக்கதாக்கும். இடிக்கச் சொன்னா இடிக்கேன். நீயே எடுத்துக்கிட்டாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இந்தா."

வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்வார் என்று ஜஸ்டஸ் உள்ளூர எதிர்பார்த்தார். யார்தான் எதிர்பார்க்க மாட்டார்கள்? பொன்னுச்சாமி சாவியை வாங்கினார். மடியில் சொருகிக்கொண்டார். மிச்சத் துணியைக் காயப்போடாமல் வாளியோடு போய்விட்டார்.

அன்றிலிருந்து அண்ணாச்சி போய்விட்டது. பொன்னுச்சாமி சண்டை போடவில்லை, மெஸ்ஸில் தட்டை நகர்த்தி உட்காரவில்லை, வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. ஆனால் சைட்டில் எல்லா நாட்டுக்காரனையும் கூப்பிடுவதுபோல், "ஜஸ்டஸ் பாய், அந்தப் பெல்ட்டை எடுங்க" என்றார். பாய் என்றால் ஹிந்தியில் அண்ணன், நல்ல வார்த்தைதான். ஆனாலும் அதைக் கேட்கும்போதெல்லாம் ஜஸ்டஸுக்கு யாரோ கன்னத்தில் வைத்ததுபோல் இருந்தது. ஒருநாள் தூக்குகிற பாரத்துக்கு இடது காட்டுவதா வலது காட்டுவதா என்று விரல் தடுமாறியது. சேதுமாதவன் டீக் கப்போடு ஓடிவந்து, "சுகமில்லேல் ரூமுக்குப் போ மனுஷா" என்றார்.

பொன்னுச்சாமி லீவு வந்தது. கம்பெனி பஸ் ஏறும்போது, "வாரேன் பாய்" என்றார். சாவி அவர் பெட்டியோடு ஊருக்குப் போயிற்று.

ஜஸ்டஸ் இரண்டு பேர் வேலையையும் பார்த்தார், அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சும்மா இருந்தால் கடப்பாரைச் சத்தம் காதில் கேட்டது. அருள்செல்வியிடம் இன்னும் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை போன் கார்டைச் சுரண்டி நம்பரை அழுத்துவார். இன்று சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமுவார். அவள், "ஆல்டோ பரீட்சை எழுதிட்டான், முருங்கை காய்ச்சிருக்கு, இங்க எல்லாம் சுகம்" என்பாள். எல்லாம் சுகம் என்றவளிடம் எப்படிச் சொல்வது? அவள் தண்ணீர் அடித்து நனைத்த சுவர் அது.

ஒரு நாள் டியூட்டி முடிந்து வரும்போது கேம்ப் ஆபீஸ் போனில் பொன்னுச்சாமியே கூப்பிட்டார்.

"மனைய மாத்தி எழுதிக்கிடலாம். பதினாலு எங்களுக்கு, பதினஞ்சு உங்களுக்கு. பரிவர்த்தனைப் பத்திரம்னு ஒண்ணு இருக்காம். இங்க மாரியம்மா கையெழுத்துப் போடுவா. பதினாலு உங்க பேர்ல இருக்கதால நீங்க வரணும், இல்லன்னா உங்க வீட்டம்மாவுக்குப் பவர் எழுதி அனுப்பணும். சீக்கிரம் அனுப்புங்க, என் லீவு முடியப் போகுது."

"பொன்னு, மாரியம்மா சம்மதிச்சாளா? எப்பிடி..."

"அத உங்க வீட்டுல கேளுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இனி தப்ப முடியாது. ஜஸ்டஸ் பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டு, ஒரே மூச்சில், படம், ஜன்னல், சூரியன், எல்லை எல்லாவற்றையும் கொட்டினார். அருள்செல்வி அவர் முடித்தபின் சொன்னாள்:

"எப்ப சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்து மனைக்கு வில்லங்கம் போடச் சொல்லிட்டு சும்மாதான்னு சொன்னா, நான் வாசிக்காம அனுப்புவேனா? நாலு எல்லையும் வாசிச்சேன். ரெண்டு நாளு சோறு இறங்கல்ல. பெறவு, அந்தச் சான்றுல அக்காக்க ஊரு போட்டிருந்துல்லா, பஸ் ஏறிப் போயிட்டேன்."

"மாரியம்மாகிட்டயா? தனியாவா?"

"நான் தனியாத்தானே வீடே கட்டினேன்."

ஜஸ்டஸ் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

மாரியம்மாள் முதலில் வாசலில் நிற்க வைத்தே பேசினாளாம். ஊர் கேட்கக் கத்தினாளாம். இடித்துப்போடு என்றாளாம். அருள்செல்வி, இடிக்கலாம், அதற்கு முன்னால் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு இடி என்றாளாம். கோபத்தோடே பஸ் ஏறி வந்தவள், வீட்டைச் சுற்றி வந்தாள், பஸ்ஸில் இறங்குகிற ஜனத்தை எண்ணாத குறையாகப் பார்த்தாள், கிழக்கு ஓரத்து அறைக்குள் போய் ஜன்னலைத் திறந்து நின்றாள். அப்புறம்தான் டீ வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து போய்க்கொண்டிருந்தாள், பேரம் பேச.

"சும்மா விட்டுக் குடுக்க நான் என்ன லூசான்னு கேட்டா. சரியாத்தானே கேட்டா? அந்தக் கிழக்கு அறைய அவளுக்குக் கடைக்கு விடணும். ஜன்னல இடிச்சு ஷட்டர் போடணும். அவளுக்கு வேணும்ங்கிற வரைக்கும் கடை அவளுக்க. அதை முத்திரத்தாள்ல எழுதி வாங்கிக்கிட்டுத்தான் மனைய மாத்துவாளாம். நான் சரின்னுட்டேன். உங்க நாற்காலிக்கு வேற எடம் பாக்கணும்."

ஜஸ்டஸுக்கு ஒரு கணம் அந்த ஜன்னல் கண் முன்னால் வந்து போயிற்று. "போகட்டும்" என்றார். உண்மையாகவே சொன்னார்.

"பாவம், அந்த அண்ணன்தான் பெரிய கோவமா வந்தாரு. லீவுல வந்தவரு வீட்டுக்குக்கூட சரியா போவாம, நேரா இங்க வந்து கையில சாவியப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நிக்காரு. கதவு தொறந்துதான் கெடக்கு. உள்ள பாத்தா, அவருக்க பெண்டாட்டி எனக்க அடுக்களையில இருந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கா. அவரு சாவியப் பாக்காரு, அவளப் பாக்காரு. அவ சொல்லுகா, வந்துட்டீங்களா, கைகால் கழுவிட்டு வாங்க, மீன் குழம்புன்னு."

ஜஸ்டஸ் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கண் கலங்கிவிட்டது. பூத் கண்ணாடிக்கு வெளியே நின்ற பெங்காலி கவலையாகப் பார்த்தார்.

எம்பசியில் பவர் எழுத ஒருநாள் லீவு கேட்டபோது சேதுமாதவன் முதலில் முறைத்தார். ஒருவன் ஊரில், இன்னொருவன் அபுதாபியில் என்றால் கிரேனுக்கு யார் கை காட்டுவது? விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு, "நீயா? திசை தெற்றியது நீயா?" என்று மட்டும் கேட்டார். அன்று முழுக்கத் தானே கீழே நின்று கை காட்டினார்.

விடியற்காலை பஸ்ஸில் அபுதாபி போய், எம்பசிக்குப் பக்கத்து டைப்பிங் கடையில் பவர் பத்திரம் அடிக்கக் கொடுத்தார் ஜஸ்டஸ். அடித்து முடித்ததும் வாங்கி, முதல் காரியமாக நான்கு எல்லையையும் விரல் வைத்து வாசித்தார். மறுபடி வாசித்தார். டைப்பிங் கடைக்காரர் ஹிந்தியில் ஜல்தி பாய் ஜல்தி என்றதைக் காதில் வாங்கவில்லை. ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டு, சீல் வாங்கி, அன்றைக்கே கூரியரில் அனுப்பினார்.

ஊரில் பவரைப் பதிவுக்கு ஏற்றுக்கொண்டார்கள். பரிவர்த்தனைப் பத்திரத்தில் ஒரு பக்கம் மாரியம்மாள், மறுபக்கம் ஜஸ்டஸுக்காக அருள்செல்வி. சாட்சிக் கையெழுத்து பொன்னுச்சாமி. பதிவு முடிந்து மூவரும் ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டதாக அருள்செல்வி சொன்னாள். அந்த அண்ணன் அதிகம் பேசவில்லை என்றும் சொன்னாள். ஜஸ்டஸ் மனதில் அது மட்டும் தங்கியது. மனை மாறிவிட்டது, வீடு பிழைத்தது, சரி. பெண்கள் பேசித் தீர்த்ததற்குப் பொன்னுச்சாமி கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் மனதுக்கும் அது தீர்ந்ததா?

பொன்னுச்சாமி திரும்பி வருகிற நாளில்தான் ஜஸ்டஸுக்கு லீவு ஆரம்பம். எப்போதும் அப்படித்தான், ஒருவர் பெட்டியோடு இறங்க, ஒருவர் பெட்டியோடு நிற்பார். கம்பெனி பஸ் வந்து கேம்ப் வாசலில் நின்றது. பொன்னுச்சாமி இறங்கினார். முடி வெட்டி, கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஜஸ்டஸ் பக்கத்தில் வந்து பெட்டியை வைத்தார். பாய் என்று சொல்லப் போகிறாரா என்று ஜஸ்டஸ் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுச்சாமி சட்டைப் பையில் கைவிட்டு ஒரு வளையத்தை எடுத்து நீட்டினார். அதில் இரண்டு சாவி.

"பெருசு உங்க வீட்டுச் சாவி அண்ணாச்சி."

ஜஸ்டஸுக்குக் கால் தரையில் பாவியது. "மற்றது என்னது?"

"கடைச் சாவி. மாரியம்மா குடுத்தா. ராதாபுரத்துல இருந்து அவ மொத பஸ்ஸப் புடிச்சு வரதுக்குள்ள பால் வண்டி வந்துருதாம். கடை தொறந்ததுல இருந்து உங்க வீட்டுல அக்காதான் ஷட்டரத் தூக்கி விடுதாவ. லீவுக்கு வாராருல்லா, காலையில சும்மா படுத்துக் கெடக்காம அவரத் தொறந்து வைக்கச் சொல்லுங்கன்னா."

"தொறக்கேன்."

"ஒரு நாற்காலியும் போட்டு வச்சிருக்கா. கடைக்குள்ள. ரோட்டப் பாத்து."

ஜஸ்டஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொன்னுச்சாமி, "சாவிய வாங்கிட்டுப் போனது கோவத்துலதான். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

"தெரியும் மக்கா."

"இப்ப இல்ல."

டிரைவர் யல்லா யல்லா என்று ஹாரன் அடித்தார். பொன்னுச்சாமி ஜஸ்டஸின் பெட்டியைத் தூக்கிப் பஸ்ஸில் வைக்கப் போனவர், திரும்பி நின்றார்.

"நான் அன்னைக்கே சொன்னேன், வடக்க தலை வச்சுப் படுக்காதீங்க, வெளங்காதுன்னு. தெக்க வச்சுப் படுத்திருந்தா இடப்பக்கம் கதவுல்லா வந்திருக்கும்? பதினாலு அதுபாட்டுக்கு அது எடத்துல கெடந்திருக்கும்."

ஜஸ்டஸ் அங்கேயே நின்று, கண்ணை மூடி, மனதுக்குள் படுத்துப் பார்த்தார். ஆமாம். கதவுதான் வரும்.

"ஒரு நிமிஷம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு அறைக்கு ஓடினார். பாஸ்போர்ட்டை மறந்துவிட்டாரோ என்று பொன்னுச்சாமியும் பின்னாலேயே போனார். ஜஸ்டஸ் தன் கட்டிலில் இருந்த தலையணையை எடுத்து, தட்டி, தெற்குப் பக்கம் வைத்துவிட்டு வந்து பஸ் ஏறினார்.